பின்தங்கிய பிரதி

பிரதி என்னும் சொல் தமிழில் இரு நிலைகளிலும் நின்று பொருள் தருவது. ஓர் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்ட மற்றோர் ஏடு பிரதி எனப்படும். ஆசிரியன் தன் கையால் முதன்முதல் எழுதியதும் மூலப்பிரதி என்றே வழங்கும். மூலத்தையும் அதன் படியையும் ஒரே சொல்லாற் சுட்டும் இவ்வழக்கு கவனக்குறைவால் விளைந்ததாகத் தோன்றவில்லை. ஒன்று இல்லாதவிடத்து மற்றொன்று அதன் இடத்தில் நின்று உதவும் என்ற நம்பிக்கை அச்சொல்லினுள்ளே பொதிந்துள்ளது. பிரதிநிதி என்ற சொல்லிலும் அந்நம்பிக்கையே உண்டு. அது எப்பொழுது பொய்க்கும், பொய்த்துவிட்டதென்பதை மனிதர் எவ்வாறு அறிவர், அறியாமற் போவது ஏன் என்னும் வினாக்கள் இன்று ஏட்டுச்சுவடிகளைக் காட்டிலும் கணனித் தரவுத்தளங்களைப் பற்றியே கூர்மையாக எழுகின்றன.

வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய எதுவாயினும் இக்காலத்தில் ஏதோ ஒரு தரவுத்தளத்திலேயே குடியிருக்கின்றது. அத்தளம் இயங்கும் இயந்திரம் பழுதுற்றால் வேலை நின்றுவிடும். ஆதலின் அதனைப் போன்ற இன்னொரு தளத்தை வேறோர் இயந்திரத்தில் எந்நேரமும் ஆயத்தநிலையில் வைத்திருப்பர். பொறியியலாளர் இதனை ஸ்ராண்ட்பை என்பர். இங்கு ஆயத்தநிலைத் தளம் என்று குறிக்கலாம். முதன்மைத் தளத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் சில கணங்களுள் இதனிடம் வந்துசேரும். முதன்மைத் தளம் வீழுமாயின் இது அதன் இடத்தில் நிற்கும். அரங்கேறாத நடிகனைப் போல, முழுப் பாடத்தையும் மனனஞ் செய்துகொண்டு திரைமறைவில் நிற்பதே இதன் தொழில்.

மனனம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறியாமல் அது பின்தங்கும் விதத்தை விளங்கிக்கொள்ள இயலாது. போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளையே உதாரணமாகக் கொள்ளலாம். அது எந்த மாற்றத்தையும் தன் அட்டவணைகளில் நிலைபெறச் செய்வதற்கு முன்னர், "இன்ன மாற்றம் செய்யப்படுகின்றது" என ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். கடைக்காரர் பேரேட்டில் ஏற்றுமுன் நாட்குறிப்பிற் குறித்துக்கொள்வதை ஒத்தது இது. வோல் என்று சுருக்கமாக வழங்கப்படும் இம்முன்னெழுது பதிவேடு, வழக்கமான அமைப்பில் 16 மெகாபைற் அளவுள்ள கோப்புகளாகத் துண்டுபட்டிருக்கும். 2010 இல் வெளிவந்த 9.0 ஆம் பதிப்பிலிருந்து, இப்பதிவேட்டை எழுத எழுத உடனுக்குடன் ஆயத்தநிலைத் தளத்துக்கு அனுப்பும் வசதி உண்டாயிற்று. ஆயத்தநிலைத் தளம் அதனைப் பெற்று, தன் வட்டில் எழுதி, வரிவரியாகத் தன் அட்டவணைகளில் நிகழ்த்திக்கொள்ளும். பெறுதல், எழுதுதல், நிகழ்த்துதல் என்னும் மூன்று படிகளுள் எதிலும் சுணக்கம் நேரலாம். வலையமைப்பு மெலிந்தால் முதற்படியிலும், வட்டு மெதுவானதாயின் இரண்டாவதிலும் நேரும்.

மூன்றாவது படியே மிகுதியும் ஏமாற்றுவது. முதன்மைத் தளத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுதலாம். அவர் எல்லோரும் எழுதியதை ஆயத்தநிலைத் தளத்தில் ஒரேயொரு செயன்முறைதான் வரிசையாக நிகழ்த்திச் செல்லும். பலர் பேசுவதை ஒருவர் குறிப்பெடுப்பது போன்ற நிலை. அதற்கு மேலும் ஒன்றுண்டு. ஆயத்தநிலைத் தளம் சும்மா நிற்கிறதே என்று அதன்மீது நீண்ட அறிக்கைகளுக்கான வினவல்களை ஏவுவோர் பலர். வினவல் ஒன்று படித்துக்கொண்டிருக்கும் வரிகளை நீக்கும்படி பதிவேடு கூறுமாயின், யாரேனும் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். மாற்றியமைக்காத அமைப்பில் பதிவேடு 30 செக்கன் வரை பொறுத்திருந்து, பின்னர் வினவலை முறித்துவிடும். அறிக்கை முறிகிறதே என்று முறைப்பாடு வந்ததும் அந்த எல்லையை மணித்தியாலக் கணக்கில் உயர்த்திவிடுவோரும் உளர். அதன்பின் அறிக்கை முறிவதில்லை, பிரதி பின்தங்குகின்றது. அவசரத்தில் உதவவேண்டிய ஒன்றை அன்றாட வேலைக்கும் பயன்படுத்தும் சிக்கனம் இவ்வாறு தன் விலையைப் பிறிதோரிடத்தில் அறவிடும்.

பின்தங்கல் எவ்வளவென அளப்பது எளிதென்றே எவரும் எண்ணுவர். உண்மையில் இத்துறையின் பெரும்பாலான தவறான முடிவுகள் இந்த அளவையிலேயே தொடங்குகின்றன. போஸ்ற்கிறெஸில் பலரும் கைக்கொள்ளும் வழி, ஆயத்தநிலைத் தளம் கடைசியாக நிகழ்த்திய மாற்றத்தின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழிப்பது. நள்ளிரவில் முதன்மைத் தளத்தில் எவரும் எதுவும் எழுதாதிருந்தால், நிகழ்த்துவதற்கு எதுவும் வாராது. கடைசி மாற்றத்தின் நேரம் அப்படியே நிற்கும். கடிகாரம் மட்டும் ஓடும். ஒரு வரிகூடப் பின்தங்காத பிரதி ஒரு மணித்தியாலம் பின்தங்கியதாகக் காட்டப்படும். மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு மென்பொருளின் வழமையான அளவை இதற்கு நேர்மாறாக ஏமாற்றவல்லது. தன்னிடம் வந்துசேர்ந்த மாற்றங்களுள் எவ்வளவை இன்னும் நிகழ்த்தவில்லை என்பதையே அது எண்ணும். வலையமைப்பு மெதுவாகி மாற்றங்கள் வந்துசேராமலே இருக்குமாயின், வந்தவையெல்லாம் நிகழ்த்தப்பட்டுவிட்டன என்ற கணக்கில் அது பூச்சியம் என்று காட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வேலையில்லாத அமைதியைத் தாமதமென்று சொல்கின்றது. மற்றது தாமதத்தை அமைதியென்று சொல்கின்றது. இரண்டினையும் எழுதியோர் அறிவிற் குறைந்தவரல்லர். செய்தி வராமை என்பதற்குப் பொருள் யாது என்ற வினாவே கடினமானது. சேதி இல்லையென்றால் சுகமென்று கொள்வதும் சேதி இல்லையென்றால் ஆபத்தென்று அஞ்சுவதும் மனிதரிடமும் உண்டு.

இவ்வினாவின் கடுமை ஓர் இரவில் முழுதாக வெளிப்பட்டது. 2017 ஜனவரி 31 ஆந் திகதி கிற்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்ததை அந்நிறுவனமே மணிக்கணக்கோடு எழுதி உலகறிய வெளியிட்டது. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்துவைத்துக் கூட்டாகப் பணியாற்றும் தளம் அது. அதன் பொறியியலாளர் வெவ்வேறு நாடுகளில் தத்தம் வீடுகளிலிருந்தே வேலை செய்வோர். தரவுத்தளம் போஸ்ற்கிறெஸில் இயங்கியது. முதன்மைத் தளம் ஒன்று, ஆயத்தநிலைத் தளம் ஒன்று.

அன்று உலக நியம நேரப்படி மாலை 5.20 மணியளவில், பொறியியலாளர் ஒருவர் முதன்மைத் தளத்தின் வட்டினை உள்ளவாறே ஒருகணம் படம் பிடிப்பதுபோலப் பதிந்துகொண்டார். பரீட்சார்த்தத் தளமொன்றில் அன்றைய தரவுகளை இட்டு ஒரு புதிய ஒழுங்கைச் சோதிப்பதே அவர் நோக்கம். இத்தகைய பதிவு 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாகவே எடுக்கப்படுவது. அன்றைய வேலைக்கு அது பழையதாயிருக்கும் என்று கையால் மேலதிகமாக ஒன்றை எடுத்தார். எவரும் பொருட்படுத்தத்தக்க செயலாக அது அப்பொழுது இருக்கவில்லை.

இரவு 7 மணிக்குத் தளத்தின்மீது சுமை ஏறத் தொடங்கியது. வேண்டாத விளம்பரங்களை இடுவோரின் வேலையென ஐயுற்றனர். அச்சுமையின் ஒரு பகுதி நிறுவனத்தின் சொந்தச் செயலால் வந்ததென்பது பின்னரே புலப்பட்டது: ஊழியர் ஒருவருடைய கணக்கு முறைகேடானதெனக் குற்றஞ்சாட்டப்பட்டு, தவறுதலாக நீக்கற் பட்டியலிற் சேர்ந்திருந்தது, அக்கணக்கையும் அதனோடு தொடர்புடைய எல்லாவற்றையும் அழிக்கும் பணி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. சுமை மிகுந்தபோது பதிவேடு வேகமாக வளர்ந்தது. ஆயத்தநிலைத் தளம் பின்தங்கியது. பின்தங்கல் ஏறத்தாழ 4 கிகாபைற் எனக் குறிக்கப்பட்டது. 16 மெகாபைற் கோப்புகளாக எண்ணினால் 250 இற்கும் மேல்.

தாமதம் முறிவாக மாறுவது இவ்விடத்திலேதான். முதன்மைத் தளம் தன் பழைய பதிவேட்டுக் கோப்புகளை என்றென்றும் வைத்திருப்பதில்லை. குறித்த அளவுக்கு மேல் அவற்றை அப்புறப்படுத்திவிடும். ஆயத்தநிலைத் தளம் படிக்கவேண்டிய பக்கம் அது படிக்குமுன்னரே கிழித்தெறியப்பட்டால், அதன்பின் அது எவ்வளவு விரைந்து ஓடினும் எட்டிப்பிடிக்க முடியாது. பழைய கோப்புகளை வேறிடத்திற் சேமித்துவைத்தால் அங்கிருந்து எடுக்கலாம். அந்த ஏற்பாடு கிற்லாப்பில் இருக்கவில்லை. படிப்பவர் படித்து முடிக்கும்வரை பக்கத்தைக் கிழியாதே என முதன்மைத் தளத்தைக் கட்டுப்படுத்தும் வழியும் 2014 இலிருந்து போஸ்ற்கிறெஸில் உண்டு. அதன் ஆபத்து வேறு: படிப்பவர் திரும்பி வாராமலே போனால் பக்கங்கள் குவிந்து முதன்மைத் தளத்தின் வட்டு நிறைந்து, பிரதியைக் காக்கப்போய் மூலமே நின்றுவிடும். இக்குவியலுக்கு உச்சவரம்பு விதிக்கும் வசதி 2020 இல் 13 ஆம் பதிப்பிலேயே சேர்ந்தது. பின்தங்கியவனுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வினாவுக்கு எந்த எண்ணும் முழுமையான விடையாகாது.

ஆகவே ஆயத்தநிலைத் தளத்தை அடியிலிருந்து புதிதாகப் பெயர்த்தெழுதுவதே எஞ்சிய வழி. அதற்கான முறை: ஆயத்தநிலைத் தளத்திலுள்ள தரவுக் கோப்புறையை முற்றாக அழித்துவிட்டு, பிஜி பேஸ்பக்கப் என்னும் கருவியால் முதன்மைத் தளத்திலிருந்து முழுவதையும் மீளப் பிரதிசெய்தல். ஏடெழுதிய காலத்தில் புதிய ஏட்டில் எழுதி முடித்த பின்னரே பழையதைக் கைவிடுவர். இங்கே வரிசை தலைகீழாகிறது. பழைய பிரதியை முதலில் அழித்தாக வேண்டும். பிரதி நோயுற்றிருக்கும் அவ்வேளையில், மருந்து கொடுக்கத் தொடங்கிய கணத்திலிருந்து மருந்து பலிக்கும் கணம் வரை, மூலம் ஒன்றே தனித்து நிற்கின்றது. பின்தங்கலைச் சரிசெய்வோர் எல்லோரும் கடக்கவேண்டிய ஆபத்தான பாலம் இது. ஆயினும் அவர்களுட் பலர் அதனைப் பாலமென்றே உணர்வதில்லை. அழிப்பது பழுதான ஒன்றைத்தானே என்று எண்ணுவர்.

கோப்புறையை அழித்தனர், கருவியை ஓட்டினர். அது எதுவும் பேசவில்லை. விரிவாக அறிவிக்கும்படி கேட்டும் பேசவில்லை. சில முயற்சிகளின் பின், பிரதி அனுப்புவதற்கான இணைப்புகள் முதன்மைத் தளத்திற் போதவில்லை என்று ஒரு செய்தி வந்தது. அனுமதிக்கப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கையை 3 இலிருந்து 32 ஆக உயர்த்தி, முதன்மைத் தளத்தை மீள இயக்க முயன்றனர். அது இயங்க மறுத்தது. பாவனையாளருக்கான இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை 8000 என மிகையாக வைக்கப்பட்டிருந்ததே காரணம். ஏறக்குறைய ஓராண்டாக அவ்வெண்ணோடு எத்தடையுமின்றி ஓடிய தளம் அன்றிரவுதான் அடம்பிடித்தது. அதனை 2000 ஆகக் குறைத்தபின் தளம் எழுந்தது. மீண்டும் கருவியை ஓட்டினர். மீண்டும் மௌனம். இயங்கும் நிரல் உள்ளே என்ன செய்கின்றது என்று காட்டும் துணைக்கருவியைக் கொண்டு நோக்கியபோது, அது எதற்கோ காத்திருக்கின்றது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அது காத்திருந்தது உண்மையே. பிரதி அனுப்பத் தொடங்குமுன் முதன்மைத் தளம் தன் நினைவிலுள்ளவற்றை வட்டில் எழுதி ஒரு நிலைப்படுத்துகிறது, செக்பொயின்ற் என்பர். சுமை கூடாதிருக்கும் பொருட்டு அதனை ஆறுதலாகப் பல நிமிடங்களிற் பரப்பிச் செய்வது வழமை. விரைந்து செய்யுமாறு வேண்டினால் விரைந்து செய்யும். வேண்டாவிட்டால் கருவி அதுவரை வாய்மூடிக் காத்திருக்கும். அவ்வேளையில் அங்கிராத மற்றொரு பொறியியலாளர் இவ்வியல்பை அறிந்திருந்தார் என்பதும், அது நிறுவனத்தின் கைந்நூலிலோ கருவியின் விளக்கநூலிலோ தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. சரியாக நடந்துகொண்டிருந்த ஒன்று உறைந்துபோன ஒன்றாகத் தோன்றியதற்குக் காரணம் ஒரு வரிச் செய்தி இல்லாமையே.

மௌனத்தைக் கண்ட பொறியியலாளர் அதற்கொரு காரணத்தைத் தாமே கற்பித்தார். கோப்புறை வெறுமையாயிருந்தாலன்றிக் கருவி வேலை செய்யாது. முந்திய முயற்சிகள் ஏதேனும் கோப்புகளை அங்கே விட்டுச்சென்றிருக்கலாம். நியாயமற்ற ஊகம் என்று இதனைச் சொல்ல முடியாது. இரவு 11.30 மணியளவில் கோப்புறையை அழிக்கும் கட்டளையை இட்டார். ஓரிரு செக்கன் கழித்தே தாம் இருப்பது ஆயத்தநிலைத் தளத்தில் அல்ல, முதன்மைத் தளத்தில் என்று கண்டு கட்டளையை நிறுத்தினார். இரு இயந்திரங்களின் பெயர்களுக்கும் இடையே வேறுபாடு ஓர் இலக்கம்: ஒன்று, இரண்டு. ஏறக்குறைய 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற் எஞ்சியிருந்தது.

அவர் அன்றிரவு அதற்கு முன்னரே நேரமாகிவிட்டதென்று வேலையை முடித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தார். பின்தங்கல் பிரச்சினை தலைதூக்கியதாலேயே எழாமல் இருந்துவிட்டார். இது அந்நிறுவனம் வெளியிட்ட குறிப்புகளிலேயே உள்ளது. அலட்சியத்தால் நேர்ந்ததென்று இதனைக் கூறுவோர் இவ்விபரத்தை எண்ணிப் பார்த்தல் நன்று. அலட்சியமுள்ளவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

இனிக் காப்புப் பிரதிகளின் கதை. ஆயத்தநிலைத் தளம் அழிக்கப்பட்டுவிட்டது. அதனைத் தவிர வேறு பாதுகாப்பும் நிறுவனத்துக்கு இருந்தது, ஒன்றல்ல, பல. முழுத் தரவுத்தளத்தையும் நாள்தோறும் எழுத்துருவிற் கொட்டித் தொலைவிலுள்ள களஞ்சியத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. களஞ்சியத்தைத் திறந்தபோது அது வெறுமையாயிருந்தது. தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பில் இயங்க, காப்பெடுக்கும் கருவியோ 9.2 ஆம் பதிப்புக்குரியதாக இருந்தமையால் ஒவ்வொரு முறையும் தோல்வியுற்றிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டே இருந்தன. அனுப்புநர் இன்னாரென உறுதிசெய்யும் ஒப்பம் அவற்றில் இல்லாமையால், பெறும் அஞ்சல் வழங்கி அவற்றை ஏற்கவில்லை. காப்பும் வரவில்லை, காப்பு வரவில்லை என்ற கடிதமும் வரவில்லை. எல்லாம் நலமே நடக்கின்றது என்றே அனைவரும் இருந்தனர். நிறுவனம் வாடகைக்குப் பெற்றிருந்த மைக்றோசொவ்ற்றின் அஷூர் சேவையில் வட்டுகளைப் பதிந்துவைக்கும் வசதி கோப்புச் சேர்வர்களுக்கு இருந்தது; தரவுத்தளச் சேர்வர்களுக்கு அது பூட்டப்படவேயில்லை.

ஒரே இரவில் இரண்டு மௌனங்கள். கருவியின் மௌனத்துக்குப் பொருள் வேலை நடக்கின்றது என்பது. அது பழுதென்று வாசிக்கப்பட்டது. அஞ்சற்பெட்டியின் மௌனத்துக்குப் பொருள் பழுது என்பது. அது வேலை நடக்கின்றது என்று வாசிக்கப்பட்டது. பின்தங்கலை ஆராய்வோருக்கான கைந்நூல்கள் வலையமைப்பைச் சோதி, வட்டைச் சோதி, நீண்ட வினவல்களைத் தேடு என்று அடுக்கிச் செல்லும். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயின் அவற்றுக்கெல்லாம் முற்பட்ட வினா, எதிரே இருப்பது மெதுவாக நகர்கின்றதா, நின்றுவிட்டதா என்பது. இதற்கு ஒற்றை அளவீடு ஒருபோதும் விடை சொல்லாது. இரண்டு அளவீடுகள், இடையில் ஒரு நேரம், அவற்றின் வேறுபாடு ஆகியனவே சொல்லும். முதன்மைத் தளம் எழுதிய இடம், ஆயத்தநிலைத் தளம் பெற்ற இடம், நிகழ்த்திய இடம் ஆகியவற்றைப் பதிவேட்டின் பக்க எண்ணாலேயே குறித்து, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் குறித்தால், எந்தப் படியில் எது அசையவில்லை என்பது தெரிந்துவிடும். நாடி பார்ப்பவர் கையை ஒருமுறை தொட்டுவிட்டு எழுந்து போவதில்லை.

மீட்பு வந்த விதமே இந்நிகழ்ச்சியின் வியப்பு. ஆயத்தநிலைத் தளமும் இல்லை, நாளாந்தக் காப்பும் இல்லை என்ற நிலையில், மாலை 5.20 மணிக்குக் கையால் எடுக்கப்பட்ட அந்தப் பதிவு நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் பழையது. எவரையும் காப்பதற்காக எடுக்கப்படாதது. அதனை எடுத்தவரும், முதன்மைத் தளத்தைத் தவறுதலாக அழித்தவரும் ஒருவரே. அப்பதிவு இருந்த பரீட்சார்த்தத் தளத்தின் வட்டுகள் மலிவானவை, மெதுவானவை. அங்கிருந்து தரவைப் பெயர்த்தெடுக்கச் சுமார் 18 மணித்தியாலம் சென்றது. பெப்ரவரி 1 ஆந் திகதி மாலையிலேயே தளம் மீண்டது. இடைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்டவை போயின: நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி சுமார் 5000 செயற்றிட்டப் பதிவுகள், 5000 கருத்துரைகள், 700 புதிய பாவனையாளர் கணக்குகள். நிரல்கள் வேறு சேர்வர்களில் இருந்தமையாற் பிழைத்தன. 5000 கருத்துரை என்பது பெரும் எண்ணாகத் தோன்றாமலிருக்கலாம். ஆயின் அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மற்றவருக்குத் தந்த விளக்கம், கண்டுபிடித்துச் சொன்ன பிழை, கேட்ட ஐயம். அனுப்பியாயிற்று என்று நினைத்து நித்திரைக்குப் போனவர்கள் அவர்கள்.

இதனை மூடிமறைக்க நிறுவனம் முயலவில்லை. மீட்கும் வேலை நடக்கும்போதே குறிப்பேட்டை யாவரும் பார்க்கும்படி திறந்துவைத்தது, யூரியூப் வழியாக நேரடியாக ஒளிபரப்பவும் செய்தது, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தனர். பொறியியலாளரை வேலையிலிருந்து நீக்கவில்லை. வெளியான ஆய்வறிக்கையில் அவர் பெயரின்றி இலக்கத்தாலேயே சுட்டப்பட்டார். இப்பெருந்தன்மையைப் புகழ்ந்தவர் பலர். புகழத்தக்கதே, எனினும் அதில் வேறொரு பயனும் உண்டு. குற்றவாளி ஒருவரைக் கண்டுபிடித்திருந்தால் விசாரணை அவரோடு முடிந்திருக்கும். வாராத மின்னஞ்சலைப் பற்றி எவரும் கேட்டிருக்கமாட்டார்.

அடுத்த ஆண்டு, இதே தொழிலிலுள்ள கிற்ஹப் நிறுவனத்தில் வேறுவகைப் பின்தங்கல் நேர்ந்தது. 2018 ஒக்ரோபர் 21 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வலையமைப்புச் சாதனமொன்றை மாற்றும்போது இணைப்பு 43 செக்கன் அறுந்தது. அதற்குள் தன்னியக்க ஏற்பாடு, கிழக்கிலிருந்த மைஎஸ்கியூஎல் முதன்மைத் தளம் வீழ்ந்ததெனக் கருதி, மேற்குக் கரைப் பிரதிகளை முதன்மையாக உயர்த்தியது. கிழக்கிலே சில செக்கன் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலே பின்னர் எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. இரண்டும் மூலம், இரண்டும் குறைப்பிரதி. நிறுவனம் வேகத்தை விடுத்துத் தரவின் முழுமையைத் தேர்ந்தது. 43 செக்கன் இடைவெளி 24 மணித்தியாலம் 11 நிமிடக் குறைபாடாக நீண்டது. அங்கே ஒரு கணக்கும் பிழைத்தது. பிரதிகள் எட்டிப்பிடிக்க இன்ன நேரமாகும் என நேர்விகிதத்தில் மதிப்பிட்டு அறிவித்தனர். ஆயின் பின்தங்கல் முதலில் விரைந்தும் போகப்போக ஆறுதலாகவுமே குறைந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் விழித்து வேலை தொடங்கியதும் புதிய எழுத்துகள் பெருகி, ஓடுகின்றவனுக்கு முன்னால் எல்லைக்கோடும் ஓடத் தொடங்கியது. வாசிக்கும் சுமையைப் பகிர மேலதிகப் பிரதிகளை அமைத்தபின்னரே அவை எட்டிப்பிடித்தன.

பின்தங்கல் எப்பொழுதும் நோய்தானா என்ற வினாவும் உண்டு. முதன்மைத் தளத்தோடு ஒரு கணமும் பிசகாது நடக்கும் பிரதி, இயந்திரம் வீழும்போது பேருதவி; மனிதன் தவறும்போது அதனாற் பயனில்லை. ஒருவர் தவறான வரியை நீக்கினால் அந்நீக்கமும் அதே கணத்தில் அங்கே நிகழ்ந்துவிடும். உண்மையுள்ள பிரதி பிழையையும் உண்மையாகவே பிரதிசெய்யும். இதனை முன்னிட்டு, பதிவேட்டை உடன் பெற்றும் குறித்த நேரம் கழித்தே நிகழ்த்தும்படி ஆயத்தநிலைத் தளத்தை அமைக்கும் வசதி போஸ்ற்கிறெஸின் 9.4 ஆம் பதிப்பிலிருந்து உள்ளது. ஆறு மணித்தியாலம் பழைய பதிவொன்றாற் பிழைத்த கிற்லாப் நிறுவனத்தார் அதன்பின் இத்தகைய பிரதியொன்றையும் வைத்துக்கொண்டனர். 2019 இல் அவர்கள் எழுதியவாறு, அது வேண்டுமென்றே எட்டு மணித்தியாலம் பின்னால் நிறுத்தப்பட்டது. செயற்றிட்டமொன்றின் குறிச்சொல் ஒன்றை ஒருவர் தவறுதலாக நீக்கிவிட, அதனோடு பிணைந்திருந்த தொடர்புகளெல்லாம் அறுந்துபோன சமயத்தில், பின்தங்கிய அப்பிரதியில் நீக்கம் இன்னும் நிகழ்ந்திருக்கவில்லை. நீக்கத்துக்குச் சற்று முந்திய நேரம் வரை அதனை நகர்த்தி நிறுத்தி, வேண்டியதை எடுத்து, ஒன்றரை மணித்தியாலத்தில் இழந்தவற்றை மீட்டனர்.

பிஜி பேஸ்பக்கப் கருவியும் அந்நிலையிலேயே இருக்கவில்லை. விரிவாக அறிவிக்கும்படி கேட்டால், செக்பொயின்ற் முடியும்வரை காத்திருக்கிறேன் என்ற பொருள்பட ஒரு வரியை அது இப்பொழுது திரையில் எழுதுகின்றது.